ஒன்றேகால் கிராம் கணக்கு: மீன்தொட்டிச் செடிகளுக்குக் குறைந்த செலவில் கரியமில வாயு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். மீன் வளர்க்க ஆரம்பிக்கும் பலரும் வாங்கும் முதல் தொட்டி இந்த அளவில்தான் இருக்கும். முழுசாக நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மண், கல், மரக்கட்டை எல்லாம் போக 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். செடி வளர்ப்பவர்கள் இலக்காகச் சொல்லும் கரியமில வாயு அளவு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம். நடுவில் 25 என்று எடுத்தால் 50 × 25 = 1250 மில்லிகிராம். அதாவது ஒன்றேகால் கிராம்.

அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மூன்று நான்கு நிமிடத்தில் வெளியே விடும் மூச்சில் இந்த அளவு வாயு இருக்கு. கரைந்த வாயு தண்ணீரின் மேற்பரப்பு வழியாக ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும், செடியும் எடுத்துக்கொள்ளும், குமிழியாகவும் கொஞ்சம் வீணாகும். அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து கிராம் என்று தாராளமாகவே வைப்போம். கிலோ 45 ரூபாய் சுமாருக்கு விற்கும் சர்க்கரையிலிருந்து இதை எடுத்தால் செலவு நாளுக்கு அரை ரூபாய்கூட ஆகாது.

அப்புறம் ஏன் இதுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும்னு சொல்றாங்க? அந்தக் காசு போவது சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும். நமக்கு வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடி, திறந்திருக்கும் நேரம் முழுக்க ஒரே சீராகக் கொடுக்கும் ஒரு குழாய்க்காக அந்தக் காசு. குறைந்த செலவு முறைகள் எல்லாவற்றிலும் நாம் விட்டுக்கொடுப்பது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எங்கே விட்டுக்கொடுத்தால் மீன் செத்துப்போகும் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

இது உங்களுக்கு வேணுமா?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பச்சைப்பசேல் என்று இருந்த செடி, வீட்டுக்கு வந்து பத்து நாளில் கூழாகிப் போகும். உடனே "வாயு பத்தலை" என்று முடிவு கட்டிவிடுவோம். பல சமயம் காரணம் வேறு. நர்சரிகளில் இந்தச் செடிகளில் பலவற்றைத் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது. ஆனால் காற்றில் முளைத்த இலை தண்ணீருக்குள் சரியாக உழைக்காது. செடி அதை உதிர்த்துவிட்டு, நீருக்குள் வாழத் தோதான மெல்லிய இலைகளைப் புதிதாக விடும். முதல் ரெண்டு மூணு வாரத்தில் இலை உதிர்வதைப் பார்த்து வாயுவுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. தண்டும் வேரும் கெட்டியாக இருந்தால் காத்திருங்கள்.

அதற்கு அப்புறமும் வளர்ச்சி மந்தம் என்றால்தான் கரிமத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு செடியின் உலர்ந்த எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கரிமம். நிலத்துச் செடிக்கு அது காற்றிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது. தண்ணீருக்குள் ரெண்டு சிக்கல். ஒன்று, காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில், நம்ம ஊர் வெப்பத்தில், லிட்டருக்கு அரை மில்லிகிராம் சுமாருக்குத்தான் கரியமில வாயு கரைந்திருக்கும். மீனும் நுண்ணுயிரிகளும் விடும் மூச்சால் தொட்டியில் இது கொஞ்சம் கூடும், அவ்வளவே. ரெண்டாவது, இந்த வாயு காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைத் தாண்டி உள்ளே போவதே பெரிய பாடு.

சில செடிகள் இதற்குத் தாங்களே வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட் மாதிரி செடிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையே உடைத்துக் கரிமத்தை எடுத்துக்கொள்ளும். உப்புத்தண்ணி என்று நாம் திட்டும் போர்வெல் தண்ணீரில் பெரும்பாலும் பைகார்பனேட் தாராளமாக இருக்கும். ஹைட்ரில்லா இன்னும் ஒரு படி மேலே. கரியமில வாயு குறைந்தால், சோளம், கரும்பு மாதிரியான சி4 ஒளிச்சேர்க்கைக்கு மாறிக்கொள்கிறது. அந்தப் பயிர்களின் இலைக்குள் இருக்கும் தனி அறை அமைப்பு எதுவும் இல்லாமல், ஒரே செல்லுக்குள் இதைச் செய்கிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸ் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் குளங்களில் களையாகக் கிடக்கும் செடி! இந்த மாதிரி செடிகளோடு திருப்திப்பட முடியும் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம், பாட்டிலும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம்.

காசே இல்லாத இன்னொரு வழி மண். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-ல் வெளியிட்ட நீர்த்தாவரத் தொட்டிகளின் சூழலியல் பற்றிய புத்தகத்தில் சொல்வது, அடியில் சாதாரணத் தோட்ட மண்ணைப் போட்டு மேலே மணலால் மூடினால், மண்ணில் உள்ள மக்கு சிதையும்போது வரும் கரியமில வாயு செடிக்குப் போதுமானதாக இருக்கும் என்பது. விளக்கைத் தொடர்ந்து எரிய விடாமல் நடுவில் சில மணி நேரம் அணைத்து வைத்தால், காலையில் செடி தின்று தீர்த்த வாயு மறுபடி சேரும் என்பதும் அவர் யோசனைதான்.

விளக்கு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். செடி வளரவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது இன்னும் பிரகாசமான விளக்கு. வாயு இல்லாமல் விளக்கை மட்டும் ஏற்றினால் லாபம் பாசிக்குத்தான். டென்மார்க்கின் ட்ரோல்ஸ் ஆண்டர்சனும் ஓலே பெடர்சனும் ரிச்சியா என்ற மிதக்கும் செடியை வைத்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் குறைவாக இருக்கும்போதுகூட வாயுவைக் கூட்டினால் வளர்ச்சி நன்றாகவே கூடுகிறது என்று காட்டினார்கள். வாயு தாராளமாகக் கிடைக்கும்போது, அதைப் பிடிப்பதற்காகச் செலவிட்ட சக்தியைச் செடி வெளிச்சத்தைப் பிடிக்கத் திருப்பிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அதனால் பட்ஜெட் ஆட்களுக்கு என் முதல் சிபாரிசு: இருக்கிற விளக்கையே ஆறு ஏழு மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டு, மிச்சக் காசை வாயுவில் போடுங்கள்.

(கோலி சோடா ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப்படி ஊற்றலாம்! மூடி திறக்காத சோடாவில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வாயு இருக்கும். நம்ம தொட்டிக்கு 200 மில்லி ஊற்றினால் ஒன்றேகால் கிராம் வந்துவிடும். ஆனால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி பறந்துவிடும், நாளைக்கு மறுபடி ஒரு பாட்டில். ஒரு லிட்டர் ஜாடி அளவு குட்டித் தொட்டிகளுக்கு வேண்டுமானால் சரி.)

சர்க்கரையும் ஈஸ்ட்டும்

இதுதான் பழைய, மலிவான வழி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் விடும். வேதியியல் கணக்குப்படி 100 கிராம் சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 51 கிராம் வாயு கிடைக்கும். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் 1.2 லிட்டர் தண்ணீர், 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட். முழுசாகப் புளித்தால் நூறு கிராம் வாயு. நம்ம ஊர் 30 டிகிரியில் அதன் கன அளவு ஐம்பத்தெட்டு லிட்டர் வரும். ரெண்டு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழு கிராம், தேவைக்கு மேலேயே.

சர்க்கரையை இன்னும் கொட்டினால் இன்னும் நாள் வரும் என்று நினைக்க வேண்டாம். 200 கிராம் முழுசாகப் புளித்தாலே சாராய அளவு 10 சதவீதத்தைத் தொடும். ரொட்டி ஈஸ்ட் அதற்கு மேல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். தன் கழிவிலேயே செத்துப்போகும், மீதி சர்க்கரை அப்படியே கிடக்கும்.

காகிதத்தில் இது சரி. நிஜத்தில் ஈஸ்ட் நாளுக்கு ஏழு கிராம் என்று அளந்து கொடுக்காது. முதல் நாள் ஒன்றும் இருக்காது, ரெண்டாம் நாளிலிருந்து பொங்கும், ஒரு வாரத்தில் இறங்க ஆரம்பிக்கும், அப்புறம் இழுத்துக்கொண்டே கிடக்கும். மே மாத வெயிலில் இந்த ஏற்றம் இன்னும் செங்குத்து. 30, 35 டிகிரி என்பது ஈஸ்ட்டுக்கு ரொம்பப் பிடித்த வெப்பம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகளை அப்படியே நம்ம ஊரில் செய்தால், மூன்று வாரம் வர வேண்டியது பத்து நாளில் தீர்ந்துவிடும். வாயு ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்கினால் கருப்புத் தாடிப் பாசி வரும் என்பது தொட்டி வளர்ப்பவர்களின் பரவலான அனுபவம். ஆய்வுக்கூட நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சும்மா ஒதுக்கக்கூடிய பேச்சும் இல்லை.

சீராக்க எனக்குத் தெரிந்த நல்ல வழிகள் ரெண்டு. ஒன்று, ஒரு பாட்டிலுக்குப் பதில் ரெண்டு பாட்டில். பாதிப் பாதி ஈஸ்ட் போட்டு, ஒரு வார இடைவெளியில் மாற்றி மாற்றிப் புதுப்பிப்பது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். ரெண்டாவது, சர்க்கரைப் பாகை ஜெல்லியாக உறைய வைத்து, அதன் மேல் ஈஸ்ட் கலந்த தண்ணீரை ஊற்றுவது. ஈஸ்ட் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்ன முடியும். இதற்கு வெளிநாட்டுக்காரர்கள் ஜெலட்டின் போடுவார்கள். நமக்கு அது ஆகாது, 35 டிகிரிக்குள் அது உருகிவிடும். சைனா கிராஸ் என்று கடையில் விற்கும் கடல்பாசியைப் போடுங்கள். அது ஒருமுறை உறைந்துவிட்டால் 80 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும்.

குழாய் விஷயத்தில் மருந்துக்கடை ட்ரிப் செட் நமக்கு ஒரு வரப்பிரசாதம். குத்தும் முனை, சொட்டு விழும் அறை, நீளக் குழாய் எல்லாம் ஒன்றாக வருகிறது. சொட்டு அறையில் பாதி தண்ணீர் விட்டு, வாயு அதன் வழியாகக் குமிழியிட்டுப் போகும்படி இணைத்தால் குமிழி எண்ணும் கருவி தயார். பாட்டில் மூடியில் குழாயின் தடிமனைவிடக் கொஞ்சம் சின்னதாகத் துளை போட்டு, குழாய் நுனியைச் சாய்வாக வெட்டி, கட்டிங் பிளையரால் உள்ளேயிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். மூடியின் பிளாஸ்டிக்கில் அரால்டைட், எம்-சீல் எதுவும் சரியாகப் பிடிக்காது. இறுக்கம்தான் அங்கே சீல். சோப்புத் தண்ணீர் தடவி கசிவு பாருங்கள். சிலிக்கான் குழாயைத் தவிருங்கள், அதன் சுவர் வழியாகவே இந்த வாயு ஊடுருவிப் போய்விடும்.

ட்ரிப் செட்டில் உருட்டும் சக்கரம் ஒன்று இருக்கும். அதை வைத்து ஈஸ்ட் பாட்டிலை மட்டும் அடைக்கவே கூடாது. ஈஸ்ட்டுக்கு நிறுத்தச் சொன்னால் புரியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொள்ளும். கூடம் முழுக்கப் புளித்த பாகு. கண்ணாடி பாட்டிலாக இருந்தால் நிலைமையே வேறு, அதனால் கண்ணாடி பாட்டில் எப்போதும் வேண்டாம். புளிப்புப் பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் பாதி தண்ணீர் உள்ள ஒரு சின்ன பாட்டில் வைத்தால், நுரை பொங்கி வந்தாலும் தொட்டிக்குள் போகாது. திரும்பி வராத வால்வு ஒன்றும் வேண்டும். ஈஸ்ட் ஓய்ந்து பாட்டில் குளிர்ந்தால், தொட்டித் தண்ணீர் சைஃபன் ஆகி பாட்டிலுக்கு வர ஆரம்பித்துவிடும்.

கரைப்பதுதான் பாதி வேலை

குமிழி மேலே போய் உடைந்தால் அது வீண். ஒரு சென்டிமீட்டர் குமிழியை ஒரு மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் ஆயிரம் குமிழி கிடைக்கும். மொத்த மேற்பரப்பு பத்து மடங்கு கூடும், தவிர சின்னக் குமிழி மெதுவாகத்தான் ஏறும். கடையில் விற்கும் பீங்கான் டிஃப்யூஸருக்கு நல்ல அழுத்தம் வேண்டும், ஈஸ்ட் பாட்டிலில் அது கிடைக்காது. கசிவு எங்காவது இருந்தால் வாயு அந்த வழியாகப் போய்விடும். இதற்கு நல்ல வழி, குழாயின் முனையைத் தொட்டிக்குள் இருக்கும் பவர் பில்டரின் உறிஞ்சும் வாயில் செருகிவிடுவது. உள்ளே சுற்றும் இறக்கை குமிழியைப் பொடிப்பொடியாக்கித் தள்ளும். கொஞ்சம் கடகட சத்தம் வரும், அவ்வளவுதான்.

இன்னும் எளிய வழி, ஒரு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து அதற்குள் வாயுவைச் சேர விடுவது. மெதுவாகத்தான் கரையும், ஆனால் அளவு மீறும் வாய்ப்பும் கம்மி. நாள் போகப்போக தண்ணீரிலிருந்து ஆக்சிஜனும் நைட்ரஜனும் டம்ளருக்குள் வந்து சேரும். அதனால் வாரத்துக்கு ரெண்டு முறை சாய்த்துக் காலி செய்யுங்கள்.

எவ்வளவு கரைந்திருக்குன்னு எப்படித் தெரியும்?

குமிழி எண்ணிக்கை நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும்தான் உதவும். தண்ணீருக்குள் எவ்வளவு இருக்கு என்று அது சொல்லாது. அதற்கு மூன்று எண்கள் தொடர்பான ஒரு கணக்கு இருக்கு: கார்பனேட் கடினத்தன்மையை 3-ஆல் பெருக்கி, அதை 10-இன் (7 கழித்தல் பிஹெச்) அடுக்கால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வாயு என்று வரும். கடினத்தன்மை 4, பிஹெச் 6.6 என்றால் 30 மில்லிகிராம். போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை 12 என்றால் அதே 30 மில்லிகிராம் பிஹெச் 7.1-லேயே வந்துவிடும். "பிஹெச் ஏழுக்குக் கீழே இறங்கவே இல்லை, வாயு ஏறவில்லை போல" என்று நினைத்து, கடினத் தண்ணீர் உள்ளவர்கள் வாயுவைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் ஆபத்து.

இந்தக் கணக்கை நேராகத் தொட்டித் தண்ணீரில் போட்டால் இன்னொரு வம்பு. மரக்கட்டையிலிருந்து இறங்கும் டானின் போன்ற வேறு அமிலங்களும் பிஹெச்சைக் குறைக்கும். கணக்கு அதையும் வாயு என்றே எண்ணிக்கொள்ளும். அதற்குத்தான் டிராப் செக்கர். தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ். அதற்குள் கடினத்தன்மை சரியாக 4 உள்ள தனித் தண்ணீரும் சில சொட்டு புரோமோதைமால் புளூவும் இருக்கும். தொட்டித் தண்ணீர் அதற்குள் போகாது, நடுவில் காற்று இடைவெளி. வாயு மட்டும் அதைத் தாண்டி உள்ளே போய் நிறத்தை மாற்றும். நீலம் என்றால் கம்மி, பச்சை என்றால் 30-ஐ ஒட்டி, மஞ்சள் என்றால் நிறுத்துங்கள்.

அந்தத் தண்ணீரை வீட்டிலேயே செய்யலாம். 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 6 கிராம் ஆப்ப சோடா கரைத்தால் கடினத்தன்மை 40. அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் 4. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரி ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வீட்டு ஆர்ஓ தண்ணீர் இதற்கு ஆகாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும். பேக்கிங் பவுடரும் ஆகாது, அது வேறு சரக்கு.

டிராப் செக்கருக்கு ஒரு குறை, அது ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கியே காட்டும். இப்போது பச்சை என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பச்சை. மீனின் நடத்தை அதைவிட வேகமான மீட்டர்.

மீனுக்கு என்ன ஆகிறது

மீன் தன் ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவைச் செவுள் வழியாகத் தண்ணீருக்குள் கொட்டுகிறது. தண்ணீரிலேயே அது அதிகமாக இருந்தால் கொட்ட முடியாது. ரத்தம் அமிலமாகும். அமிலமான ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்காது. 1904-ல் கிறிஸ்டியன் போரும் சகாக்களும் விவரித்த விளைவு இதுதான். அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். மேற்பரப்பில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் வேகமாக அடிக்கும், சாப்பாடு போட்டாலும் வராது. இறால்கள் மேய்வதை நிறுத்திவிட்டு மேலே ஏறப் பார்க்கும். அந்த நிமிடமே குழாயை உருவி வெளியே போடுங்கள், ஏர் பம்பை முழுசாகத் திறந்துவிடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

நம்ம ஊரில் இது சீக்கிரம் நடக்கும். 20 டிகிரித் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 தான். இதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடும். அதனால் 30 மில்லிகிராம் என்பதை இலக்காக வைக்காமல், 20-ஐ ஒட்டி நிற்பது நல்லது என்பது என் கருத்து. செடிக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, மீனுக்குத் தெரியும்.

ராத்திரிதான் ஈஸ்ட் முறையின் பலவீனமான நேரம். விளக்கு அணைந்ததும் செடி வாயுவை எடுப்பதை நிறுத்திவிட்டு, தானும் கரியமில வாயுவை விட ஆரம்பிக்கும். ஈஸ்ட்டும் விடும், மீனும் விடும். விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தொட்டியில் வாயு உச்சத்தில், ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். நாம் பார்க்கும் நேரமெல்லாம் தொட்டி நன்றாகத்தான் இருக்கும்! ஒரு சாதாரண டைமர் பிளக் வாங்கி, விளக்கு அணையும்போது ஏர் பம்ப் ஓடும்படி வைத்துவிடுங்கள். இந்த முறையில் தவிர்க்கவே முடியாத செலவு என்றால் இதுதான்.

சிட்ரிக் அமிலமும் ஆப்ப சோடாவும்

நாலைந்து வருஷம் செடித்தொட்டியோடு இருக்கப்போகிறேன், ஆனால் சிலிண்டர் வேண்டாம் என்பவர்களுக்கு இது. ஒரு பாட்டிலில் சிட்ரிக் அமிலக் கரைசல், இன்னொன்றில் ஆப்ப சோடாவும் கொஞ்சம் தண்ணீரும். ரெண்டையும் இணைக்கும் உலோக மூடி, அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, நீடில் வால்வ் எல்லாம் செட்டாக ஆன்லைனில் விற்கிறார்கள். அழுத்தம் குறையும்போது கொஞ்சம் அமிலம் சோடா பாட்டிலுக்குள் போகும், வாயு உண்டாகி அழுத்தம் ஏறும், ஏறியதும் அமிலம் நின்றுவிடும். தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் அழகான ஏற்பாடு. நீடில் வால்வை ராத்திரி மூடலாம், அழுத்தம் அப்படியே நிற்கும். ஈஸ்ட்டில் இல்லாத குழாய் இங்கே கிடைத்துவிடுகிறது. பீங்கான் டிஃப்யூஸரையும் தள்ளும் அளவு அழுத்தம் வரும்.

10 பங்கு சிட்ரிக் அமிலத்துக்கு 12 முதல் 13 பங்கு ஆப்ப சோடா என்பது கணக்கு. 200 கிராம் சோடா முழுசாகக் கரைந்தால் 105 கிராம் வாயு, அதாவது 200 கிராம் சர்க்கரை தருவது அளவுதான். செலவு சர்க்கரையைவிடப் பல மடங்கு. இருந்தாலும் ராத்திரி மூடி வைக்க முடிவதால் ஒரு நிரப்பு அதிக நாள் வரும். வினிகரை வைத்துச் செய்யலாமே என்றால், 5 சதவீத வினிகர் 1.2 லிட்டர் ஊற்றினால்தான் 44 கிராம் வாயு கிடைக்கும். வேலைக்கு ஆகாது. சோடா பானத்துக்காகவே செய்த, கீறல் இல்லாத பெட் பாட்டில் மட்டும் பயன்படுத்துங்கள். மினரல் வாட்டர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. பாதுகாப்பு வால்வு இல்லாத செட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்.

"லிக்விட் கார்பன்" என்று விற்கும் புட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரிகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் சரக்கு. பாசியைக் கொல்லும் என்பது உண்மை. வாலிஸ்நேரியாவையும் கரைக்கும். கரியமில வாயுவுக்கு அது மாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

சிலிண்டர்

முதல் செலவு அதிகம், அப்புறம் மலிவு. நாளுக்கு 4 கிராம் என்றால் 2 கிலோ வாயு 500 நாள் வரும். செலவைக் குறைக்க நம்ம ஊரில் பலர் கரியமில வாயு தீயணைப்பான் சிலிண்டரை வாங்கி ரெகுலேட்டர் மாட்டுகிறார்கள். செய்யலாம், ஆனால் அதற்குள் அடிவரை போகும் ஒரு உறிஞ்சு குழாய் இருக்கும். தீயணைக்கும்போது திரவமாகவே பீய்ச்சுவதற்காக வைத்தது. அதை எடுக்காமல் ரெகுலேட்டர் மாட்டினால் திரவம் நேராக ரெகுலேட்டருக்குள் வந்து அதை நாசமாக்கும். சிலிண்டர் நிரப்பும் இடத்தில் சொல்லி, அவர்களையே எடுத்துத்தரச் சொல்லுங்கள். நீங்களே ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் கடைசி அழுத்தப் பரிசோதனைத் தேதியையும் அப்போதே பாருங்கள்.

இந்த வாயுவின் மாறுநிலை வெப்பம் 31 டிகிரி. அதற்குக் கீழே சிலிண்டருக்குள் திரவமும் வாயுவுமாக இருக்கும், அழுத்தம் 25 டிகிரியில் 64 பார் சுமார். 31-ஐத் தாண்டினால் திரவம், வாயு என்ற வித்தியாசமே போய், வெப்பம் ஏற ஏற அழுத்தம் வேகமாக ஏறும். எவ்வளவு வேகம் என்பது எவ்வளவு நிரப்பியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சென்னை வெயிலில் 31 டிகிரி ஒரு பெரிய விஷயமா? அதனால் அளவுக்கு மேல் நிரப்பச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், பால்கனி வெயிலில் வைக்காதீர்கள், நிறுத்தி வைத்துச் சுவரோடு கட்டிவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கு. 2 கிலோ முழுசாக வெளியேறினால் 1100 லிட்டர் வாயு. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28,000 லிட்டர் காற்று. மொத்தமும் ஒரே நேரத்தில் கசிந்தால் அறையில் 4 சதவீதம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் எல்லையும் அதே 4 சதவீதம்தான். கதவு ஜன்னல் அடைத்து ஏசி போட்டுத் தூங்கும் அறையில் சிலிண்டர் வேண்டாம், கூடத்தில் வையுங்கள்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தமானியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், தீர்ந்ததும் மளமளவென்று இறங்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில், ஒற்றை நிலை ரெகுலேட்டர்கள் சிலவற்றில் வெளியே வரும் அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறும். ஒரே ராத்திரியில் மிச்ச வாயு முழுக்கத் தொட்டிக்குள் கொட்டிவிடும். வாங்கும்போதே காலி எடையைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை எடை போட்டுப் பார்த்து, முள் இறங்க ஆரம்பிக்கும் முன்பே நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.

எந்த முறையாக இருந்தாலும் முதல் நாள் தொடங்குவதை நாள் முழுக்க வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாயுவைத் திறங்கள், மிகக் குறைவாக. ஈஸ்ட்டுக்குத் திறக்கும் குழாய் கிடையாது, அதனால் ஒரே பாட்டில், பாதி ஈஸ்ட், ரெண்டாம் மூன்றாம் நாள்களிலும் தொட்டிமேல் ஒரு கண். டிராப் செக்கர் நீலத்திலிருந்து பச்சைக்கு வர ரெண்டு மூணு நாள் ஆனாலும் பரவாயில்லை. மறுநாள் காலை விளக்கு போடும் முன்னால், ஒரு டார்ச் அடித்து மீன்கள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள்.